முபாரக் நானாவின் வோட்டு

முபாரக் நானா மௌத்தாகிவிட்டார். இன்று சுபஹு தொழுகைக்குப் பிறகு, சிலாபம் ஆஸ்பத்திரியில்...

அடக்கிவிட்டு இப்போதுதான் மையவாடியில் இருந்து வந்தேன். இன்னும் உடுப்புக்கூட மாற்றவில்லை.

தெரியாதவர்களுக்காக: முந்தல் பக்கம், எங்கள் லேன் முனையில் டயர் ஒட்டும் கடை வைத்திருந்தவர். தொண்ணூறில், யுத்தத்துக்குள் மன்னார் முஸ்லிம்களையெல்லாம் துரத்தியபோது, உடுத்த உடுப்போடு வந்த குடும்பம்.

மாரி வந்தால் எங்கள் லேனில் முழங்கால் தண்ணீர். பிள்ளைகளுக்கு ஸ்கூல் இல்லை, கடைகளுக்கு யாவாரம் இல்லை. தண்ணீர் ஓட ஒரு கான் கட்டித் தாங்க என்று பிரதேச சபை வைத்த மக்கள் கூட்டத்தில் முதலில் எழும்பியவர் நானாதான்.

"உங்கட வோட்டு எங்க?" என்று கேட்டார் சபை மெம்பர் ஒருவர்.

"மன்னார்ல."

"அப்ப மன்னார்ல போய்க் கான் கேளுங்க."

ஹோல் முழுக்கச் சிரிப்பு. நானா கதிரையில் உட்காரவே இல்லை. கூட்டம் முடியும்வரை நின்றபடியே இருந்தார்.

வோட்டை மன்னாரில் வைத்திருந்தது சும்மா இல்லை. என்றாவது ஊர் திரும்பினால் வீடு, காணி எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவுதான் பிடி என்று துரத்தப்பட்டு வந்தவர்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அதை இங்கே மாற்றிவிட்டார் மனுசன். மன்னாருக்கே திரும்பிப் போயிருந்த அவருடைய கூடப்பிறந்த மூத்த காக்கா, "ஊரை வித்துப்போட்டாய்" என்று போனில் கத்தினார். அதோடு கதை பேச்சு இல்லை.

ஏன் நானா இப்படிச் செய்தீங்க என்று கேட்டேன்.

"எனக்கும் ஊர் வேணும்தான் தம்பி. ஆனா மழை இங்கதானே பெய்யுது..."

டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போனார். கான் சபையின் திட்டத்தில் ஏறியது. சபைச் சுவரில் மாட்டியிருந்த அந்தத் திட்ட மேப்பைப் போனில் படம் பிடித்து வந்து, பஞ்சர் ஒட்ட வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். "இந்தா, எங்கட லேன்." பார்க்காமல் யாரும் தப்ப முடியாது.

பிறகு சபை கலைந்தது. தேர்தலைத் தள்ளித் தள்ளியே வருடங்களை ஓட்டினார்கள். ஊரை விட்டு வாங்கின வோட்டு, சபைக்குப் போட வழியில்லாமல் சும்மா கிடந்தது. நினைக்க இப்பவும் பத்திக்கொண்டு வருது.

கடைசியில் தேர்தல் வந்தபோது அவருக்குக் கிட்னி வருத்தம் முற்றியிருந்தது. த்ரீவீலில் போய், இரண்டு பேர் பிடிக்க, போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்...

புதிய சபையிலும் "பார்ப்போம்" என்றுதான் பதில். கான் இன்னும் மேப்பில்தான் இருக்கிறது.

இன்று காக்கா வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லேன் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தவர், பாதியில் நின்றுவிட்டார்.

"இதுக்குத்தானா இவன் ஊரை விட்டவன்?"



அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வெட்டிய குழியிலும் தண்ணீர் ஊறிவிட்டது. காக்காதான் இறங்கி வாளியால் இறைத்தார். எவ்வளவு கேட்டும் யாரிடமும் வாளியைக் கொடுக்கவில்லை.

அல்லாஹ் உங்கட கப்ரை விசாலமாக்கட்டும், நானா...