நாலு பாகம் ஆழம்

அன்று சரக்குக் கிட்டங்கிக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். கதவை ஒட்டி, கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் நான். தராசுக்குப் பக்கத்தில் கிட்டங்கிக் கணக்கர் கோலப்பன். கொப்பரை மூட்டையில் சாய்ந்தபடி, சாக்குத் தைக்கிற யோசுவா. நாலாவதாக ஓர் ஆள் கிடையாது. உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அவ்வளவுதான்.

1951, ஆனி மாதம். ஆரியசாலையில் ஒரு கொப்பரைக் கடையில் எனக்குக் கடிதம் எழுதுகிற வேலை. கடையின் கிட்டங்கி வலியதுறைக் கடற்கரையில் இருந்தது. தோணியில் வந்த சரக்கு நனைந்துபோனதைப் பற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விவரம் எழுத வேண்டும். தக்கலைப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்குத் தோணியின் உறுப்பு ஒன்றுக்கும் பெயர் தெரியாது. யோசுவா முன்பு பத்து வருஷம் தோணியில் சுக்கான் பிடித்தவன். அவனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று சாயங்காலம் போனேன்.

மழை கொட்டியது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் காவல்காரன் வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டான். தட்டினோம், கத்தினோம். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? ஜன்னல் இல்லை. கூரைக்குக் கீழே கம்பி அடித்த ஒரு துவாரம் மட்டும்.

“இனி விடிஞ்சாத்தான் ஓய். அதுவரை பாடம் நடக்கட்டு,” என்றார் கோலப்பன்.

யோசுவா சொல்லிக்கொடுத்தான். தோணியின் முன்பக்கம் அணியம். பின்பக்கம் பிச்சல், சுக்கான் அங்கேதான். பாயைத் தாங்குகிற குறுக்குக் கம்பு பருமல்.

“காத்து பிடிச்சா பாய் எப்பிடி நிக்கும் தெரியுமா பிள்ளே? நம்ம அண்ணாச்சி வயிறு மாதிரி.”

“எலேய், ஒன் சம்பளத்தை நான் பிடிச்சிருவேன், கேட்டியா?” என்றார் கோலப்பன்.

ஆழம் பார்ப்பதையும் சொன்னான். அணியத்தில் ஒருவன் நின்று, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைத் தண்ணீரில் விடுவான். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். எத்தனை பாகம் என்று கூவுவான். சுக்கான்காரன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“சொல்லலேன்னா?”

“கேக்கலேன்னு அர்த்தம். அவன் கூவிட்டே இருப்பான்.”

மணி எட்டரை இருக்கும். உத்தரத்தில் தொங்கிய அரிக்கன் விளக்கைத் தற்செயலாகப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆடவில்லை. சாய்ந்தபடியே நின்றது.

உள்ளே காற்று இல்லை...

பிறகு, மெல்ல, மறுபக்கம் சாய்ந்தது.

கோலப்பன் எழுந்தார். கால் தடுமாறி, தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

தொப்...

இருட்டு மூலையில், தண்ணீரில் ஏதோ விழுந்தது. அங்கே இருந்தவை மூட்டைகள்தான்.

“எட்டு பாகம்!”

ஆண் குரல். களைத்துப்போன குரல்.

மூன்று பேரும் கதவில் போய் மோதினோம். அசையவில்லை.

தொப்...

“ஏழு பாகம்!”

“யாரும் பதில் சொல்லப்படாது,” என்றார் கோலப்பன்.

யோசுவா மூலைப் பக்கம் திரும்பினான். “கரைக்கு வாறானுவ... சுக்கான்காரன் கேக்கல்ல பிள்ளே. பாறையில அடிச்சிருவானுவ.”

“இங்க ஏதுலே தோணி?” என்றார் கோலப்பன்.

“ஆளு கூவுதான்லா!”

தொப்...

“அஞ்சு!”

இப்போது பக்கத்தில்.

கோலப்பன் யோசுவாவின் வாயைப் பொத்தினார். நான் கைகளைப் பிடித்தேன்.

தொப்.

“நாலு!”

என் உதட்டில் தண்ணீர் தெறித்தது. உப்பு.

யோசுவா எங்களை உதறினான்.

“நாலு பாகம்! ஏசுவே... நங்கூரம் போடு மக்கா! நங்கூரத்தைப் போடு!”

சங்கிலி ஓடுகிற சத்தம். நீளமாக...

பிறகு மழை மட்டும்.

விளக்கு நேராகத் தொங்கியது. யோசுவா தரையில் உட்கார்ந்து அழுதான். “தோணி நின்னுட்டு பிள்ளே. தப்பிச்சானுவ.”

காலையில் காவல்காரன் கதவைத் திறந்தான். அந்த மூலையில் மூட்டைகள் காய்ந்தே கிடந்தன.

அதன்பின் யோசுவாவால் கடல் சத்தம் கேட்கிற இடத்தில் இருக்க முடியவில்லை. மனைவி தாசம்மாளோடு போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். அங்கிருந்து எனக்கு எழுதினான்: ‘அந்தத் தோணிக்காரர்கள் பிழைத்தார்களா? விசாரித்து எழுதுங்கள். அது தெரியாமல் உறக்கம் வரவில்லை.’

விசாரித்தேன். விழிஞ்ஞத்தில் மீரான் பிள்ளை என்றொரு முதியவரைக் காட்டினார்கள். பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய ஓர் ஆனி மழையில், வலியதுறைக்கு நேரே ஒரு தோணி உடைந்திருக்கிறது. ஒன்பது பேரில் பிழைத்தவர் அவர் ஒருவர்.

அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்துகொண்டேன். அன்று இருட்டு மூலையில் கூவிய அதே குரல்.

“குண்டு போட்டவன் நான்தான். கூவிக் கூவித் தொண்டை போச்சு. கடைசில சுக்கான்காரனுக்குக் கேட்டுது. கடல் பக்கமா திருப்பிட்டான். தோணியும் திரும்பிச்சு, தப்பிச்சோம்னு நெனச்சேன். அந்நேரம் இருட்டுல ஒரு சத்தம், நங்கூரம் போடுன்னு. அவன்தான் சொல்லுதான்னு நான் போட்டுட்டேன். திரும்பின தோணியை நங்கூரம் இழுத்து நிறுத்திட்டுது. அடுத்த அலை கவுத்திட்டுது.”

“அது சுக்கான்காரர் குரல் இல்லையா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“நாங்க ஒம்போது பேரும் அல்லாவைக் கூப்பிடுறவங்க. அந்தக் குரல் ஏசுவேன்னு கூப்பிட்டுது.”

அன்று இரவே யோசுவாவுக்குக் கடிதம் எழுதினேன். ‘அந்தத் தோணியில் இருந்தவரை நேரில் பார்த்தேன். சுகமாக இருக்கிறார். நீ நிம்மதியாக உறங்கு.’ அதற்குமேல் ஒரு வரி சேர்க்கவில்லை. உறையின் ஓரத்தில் பசை தடவினேன். இரண்டு தடவை அழுத்தி ஒட்டினேன். விடிந்ததும் முதல் தபாலில் சேர்த்தேன்.