சூசையப்பரின் முகம்

தேங்காய் எண்ணெயும் உருகிய மெழுகும் புதுப் பனியன் துணியின் சாய வாடையும் கலந்த ஒரு மணம் இருக்கிறது. என் சிறுவயதில் மேலக்கோயில் என்றால் அந்த மணம்தான். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகள் முடிந்து மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். சின்ன ஊர்தான், ஆனால் கோயில் இரண்டு. பேருந்து நிற்கும் இடத்தில் கான்கிரீட்டில் எழும்பிய கீழக்கோயில் மாதாவுக்கு. சரிவில் பாறைமேல் ஓடு வேய்ந்து நிற்கும் பழைய மேலக்கோயில் சூசையப்பருக்கு. அவருடைய மரச்சுரூபத்தை, மலைத்தோட்ட வேலைக்குப் போன எங்கள் முன்னோர் பலாமரத்தில் செதுக்கித் தோளில் சுமந்து இறக்கினார்கள் என்று ஒரு கதை. வழியோடு போன வெள்ளைக்காரச் சாமியார் சுமக்கமாட்டாமல் விட்டுப்போனார் என்று இன்னொரு கதை. இரண்டையும் நான் நம்பியதில்லை. இன்று பனியன் கம்பெனியில் "செக்கிங்" பிரிவில் இருக்கிறேன். துணியைப் பிரித்ததும் ஓட்டை எங்கே என்று தேடுவதுதான் வேலை. அந்தப் புத்தி ஊர் கொடுத்தது.

ஊரில் பாதிப் பேர் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறித் திருப்பூர் போகிறவர்கள். திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன் அவரவர் கம்பெனியிலிருந்து "வேஸ்ட்" எனப்படும் வெட்டுத்துணி கொண்டுவந்து, எண்ணெயில் நனைத்து, சூசையப்பரைத் துடைப்பார்கள். பிறகு அந்தத் துணியைக் குழந்தையின் தொட்டிலிலும் தையல் மெஷினிலும் கட்டி வைப்பார்கள். "சாமி தொடச்ச துணி" இருந்தால் ஊசி உடையாது, பிள்ளை அழாது. எல்லோருக்கும் முகத்தைத்தான் துடைக்க வேண்டும், அதற்கு ஒரு தள்ளுமுள்ளு. எண்ணெயும் புகையும் ஏறிய அந்த முகம் கன்னங்கரேலென்று, புருவமும் தாடியும் தெரியாமல், காட்டு வேலை முடித்து வந்து உட்கார்ந்த ஊர்க்காரர் ஒருவரைப் போல இருக்கும். எனக்கு அவரிடம் பயமே இருந்ததில்லை.

அப்பா மேலக்கோயிலின் கோயில்பிள்ளை. கதவு திறப்பது, மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது எல்லாம் அவர். சாவி எப்போதும் அவர் இடுப்பில். சுரூபத்தின் பாதத்தில் கரையான் ஏறியதைக் கண்டு, பங்குச் சாமியார் அதைச் சரிசெய்து வர்ணம் பூசிக்கொண்டு வரும்படி அப்பாவிடம் சொன்னார். தூசி படக்கூடாதென்று அப்பா ஒரு பெட்ஷீட்டால் மூடி, பெயிண்டரிடம் கொண்டுபோக மினி ஆட்டோவில் ஏற்றினார். சந்தேகம் அந்தப் பெட்ஷீட்டிலேயே தொடங்கிவிட்டது. "ஏனுங்க, சாமிய எதுக்குங்க மூடிக் கொண்டு போறீங்க?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

கொடியேற்றத்தன்று காலை சுரூபம் திரும்பி வந்தது. அப்பா பெட்ஷீட்டை விலக்கினார். ரோஸ் நிறக் கன்னம், வளைந்த புருவம், பழுப்புத் தாடி, நீலக் கண். "இது நம்ம சாமி இல்லீங்க" என்று முதலில் சொன்னது மரியம்மா அத்தை, அப்பாவின் சொந்த அக்கா. கூடப்பிறந்தவளே சொல்லும்போது மற்றவர்களைக் கேட்பானேன்.

"மேல இருந்த கறையச் சுரண்டச் சுரண்ட இந்த மூஞ்சிதானுங்க வந்துச்சு, பெயிண்டர் சொன்னாருங்க" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. பழைய மரச்சிலைக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கியாம், அசலை விற்றுவிட்டுப் புதுசை வாங்கி வந்துவிட்டாராம். அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கூரையில் ஓடு மாற்றியதும் சாட்சியாகிவிட்டது. "சாவி இப்போதைக்கு எங்கிட்டயே இருக்கட்டும் தம்பி" என்று அத்தை கை நீட்டினாள். சப்பரத்தின் முன்கொம்பை எங்கள் வீட்டு ஆண்கள்தான் காலங்காலமாகத் தோளில் தாங்குவார்கள். அதையும் அப்பா தொடக்கூடாது என்று பேச்சாயிற்று. அப்பா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துபோனார். பொய் சொன்னால் அவர் காது மடலைத் தடவுவார். நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், தடவவேயில்லை. அது எனக்குப் போதும், ஊருக்குப் போதுமா?

சப்பரம் புறப்படும் நாளன்று மதியம் சுரூபத்தை மேலே ஏற்றுவதற்காகத் திருப்பினார்கள். எப்போதும் சுவரை ஒட்டியே நின்றதால் அதன் முதுகை யாரும் துடைத்ததில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று பெயிண்டரும் அந்தப் பக்கத்தைத் தொடாமல் விட்டிருந்தார். அங்கே வெடித்துப் பொரிந்த பழைய வர்ணம், ஆனால் நிறம் முன்னால் புதிதாகப் பூசியிருந்த அதே நிறம். அக்குள் பக்கம் அங்கி மடிப்பில் ஏதோ இறுகிக் கிடந்தது. அத்தை கொண்டையூசியைப் பிடுங்கி நோண்டினாள். எண்ணெயில் கெட்டிப்பட்ட பனியன் பஞ்சு, சிவப்பு, அதன் அடியில் பச்சை, அதன் அடியில் மஞ்சள், முன்பக்கம் துடைக்கும்போது பல திருவிழாக்களின் துணி உதிர்த்த பஞ்சு. பச்சையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எங்க கம்பெனி பச்சைங்க. ஷேடு தப்பிப்போயி ஆர்டரே திரும்பி வந்துச்சே, அந்த வேஸ்டு. நாந்தான் கொண்டாந்து தொடச்சேன்."

சாமியை யாரும் மாற்றவில்லை. புருவத்தையும் தாடியையும் வருஷா வருஷம் ஆசை ஆசையாகத் துடைத்து எடுத்தது நாங்கள்தான். "பழசுல இருந்த பஞ்ச எடுத்துப் புதுசுல வெச்சிருந்தா?" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். அத்தை திரும்பிப் பார்த்தாள், அவர் அடங்கிவிட்டார். அவள் சாவியை அப்பாவின் கையில் வைத்து, கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அன்று முன்கொம்பை அப்பாதான் சுமந்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஆனால் அதற்குப் பிறகு அப்பா மேலக்கோயிலைத் திறப்பார், மெழுகுவத்தி ஏற்றுவார், செபம் செய்ய மட்டும் இறங்கிக் கீழக்கோயிலுக்குப் போய்விடுவார். ஊர்மேல் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். வளர்ந்தபின் ஒருநாள் கேட்டேன். "நாந்தான் கொண்டு போனேன், நாந்தான் கொண்டு வந்தேன் கண்ணு. ஆனா எனக்குமே அவரு மாதிரித் தெரியலையே" என்றார். காது மடலைத் தடவவில்லை.

அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. இப்போது சூசையப்பர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார். ஒருவரை ஒருவர் நம்பாததால் பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு குடும்பத்தில் சாவி, மேலே ஒரு கேமரா. துடைக்கிற வழக்கம் நின்றுவிட்டது. கோயிலில் ஊதுபத்தி வாசம்தான் அடிக்கிறது. போன திருவிழாவுக்குப் பழக்கதோஷத்தில் பையில் ஒரு துண்டு "வேஸ்ட்" எடுத்துப் போயிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க முகம் தெளிவாகத் தெரிந்தது, யாரோ ஒருவர்.