தீப்பெட்டி அலுவலகம்

நேற்று கயத்தாறு போகிற பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் போனில், "ஆபீஸுக்குத்தாம்மா போறேன்" என்றாள். கழுத்தில் அடையாள அட்டை. எனக்கென்னவோ கந்தக நெடி அடித்தது. கோவில்பட்டிப் பக்கம் அந்த நாளில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான். மேஜை நாற்காலி கிடையாது. பெண்கள் தரையில் உட்கார்ந்து, மருந்தில் முக்குவதற்காகக் கட்டைச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவார்கள்.

நான் அப்போது ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். புலவர் வகுப்பைப் பாதியில் விட்டவன். படிப்புதான் பாதி, தலைக்கனம் முழுசாகவே இருந்தது.

இடைசெவல் பக்கமிருந்து ஆபீஸுக்கு வருகிற கோமதி, ஒருநாள் கோடு போட்ட நோட்டுத் தாளில் நாலு பக்கம் எழுதி, அச்சடித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். குச்சி அடுக்குகிற பெண்களே எழுதி, அவர்களே படிக்கிற பத்திரிகை. தொழிற்சங்கக் கூட்டத்தில் பேச எழுந்தால், "உக்காரு தாயி, நாங்க பேசிக்கிடுதோம்" என்று ஆண்கள் உட்கார வைத்துவிடுகிறார்களாம். அதனால்தான் இது. பெண்களின் சம்பளத்தைக் கணக்கப்பிள்ளை புருஷன்மாரிடம் கொடுப்பதைப் பற்றி முதல் பக்கத்தில், "அடுக்குத கை எங்க கை, வாங்குத கை மட்டும் அவிய கையா?" என்று எழுதியிருந்தாள்.

படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. சிலிர்த்தவன் சும்மா இருந்தேனா? அச்சில் வருவதாயிற்றே, நல்ல தமிழில் இருக்கட்டும் என்று அவளைக் கேட்காமலே நாலு பக்கத்தையும் வரிக்கு வரி திருத்தினேன். அந்த வரி, 'மாதர் தம் ஊதியத்தைத் தாமே பெற ஆவன செய்தல் வேண்டும்' என்றாயிற்று. தீப்பெட்டி ஆபீஸ், தீப்பெட்டி அலுவலகம் ஆயிற்று.

அச்சடித்த தாளை வாங்கிப்போன மூன்றாம் நாள் கோமதி திரும்பி வந்தாள். மத்தியானச் சோற்று வேளையில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பெண்கள் சிரித்துவிட்டார்கள். "ஏட்டி, அலுவலகம் எங்கன இருக்கு? இது நீ எழுதுனதில்ல, எவனோ ஆபீசர் எழுதுனது" என்றார்களாம். அடுத்த இதழுக்கு எழுதுவதாகச் சொன்னவர்களும் பின்வாங்கிவிட்டார்கள்.

"அண்ணாச்சி, அங்கன பேச விடமாட்டேங்காவன்னுதான இங்கன வந்தேன். நீங்களும் எனக்காகப் பேசிட்டீங்களே."

திருப்பி அடித்துத் தருகிறேன் என்றேன். அவள் தன் நோட்டுத் தாளைக் கேட்டாள். அது அச்சு மை துடைக்கப் பயன்பட்டுக் குப்பைக்குப் போயிருந்தது. இன்னொரு தடவை எழுதிக் கொடேன் என்றேன்.

"எல்லாரும் சிரிச்சாச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை.

இன்று குச்சி அடுக்க இயந்திரம் வந்துவிட்டது. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. கோமதி எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் இல்லாமலே போயிற்று. அந்த ஒரே இதழ் என்னிடம் இருக்கிறது. தேடினாலும் எழுத்துப்பிழை அகப்படாது. மேலே கோமதி என்று பெயர் போட்டிருக்கிறது. கீழே அவள் எழுதியது ஒரு வரிகூட இல்லை.