ஏரிக்கரையில் மறையும் வேன்

பள்ளித் தாளாளர் முடிவெடுத்துவிட்டுத்தான் போன் செய்தார்.

"டிரைவர்தான் டிராக்கர் வயரைப் புடுங்குறான் மேடம். பீர்க்கன்கரணை ஏரி வந்தா வேன் மேப்ல இருந்து காணாமப் போகுது. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினா வந்துடுது. சொந்த சவாரி அடிக்கிறான். உங்க ரிப்போர்ட் வந்ததும் ஆளைத் தூக்கிடுவேன்."

வேன்களில் பொருத்தும் 4ஜி டிராக்கருக்கு ஃபர்ம்வேர் என்னும் உள்மென்பொருள் எழுதுவது சிறுசேரியில் எங்கள் குழு. நான் சீனியர் இன்ஜினியர். வயரைப் பிடுங்கினால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியின் தயவில் அது டிராக்கரின் நிகழ்வுப் பதிவான லாகில் ஏறிவிடும். லாகில் அப்படி எதுவும் இல்லை. எனக்கு டவரோடு பேசும் மோடம் மேல் சந்தேகம். அதை விற்ற கம்பெனிக்காரரைக் கேட்டேன்.

"எங்க மோடம்ல கம்ப்ளைண்டே வந்ததில்ல மேடம். ஃபீல்டுல எவனோ நோண்டுறான்" என்றார்.

ஆள் மேல் பழி போடும் அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. லேப்டாப்போடு வேனில் ஏறினேன். டிரைவர் சேகர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா மேடம், என்னைப் புடிக்கத்தானே வந்துகீறீங்க?"

"மெஷினைப் பிடிக்க வந்திருக்கேன் அண்ணா."

"எல்லாரும் இப்டித்தான் சொல்வாங்க."

அவர் கை எங்கே போகிறது என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏரிக்கரையில் திரும்பியதும் டிராக்கரின் சிக்னல் விளக்கு அணைந்தது. சேகரின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன. காரணம் லேப்டாப்பில் தெரிந்தது. அங்கிருந்த டவர் ஒருமுறை இணைப்பை மறுத்தது. சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்க வேண்டிய மோடம், அந்த நெட்வொர்க்கையே ஒதுக்கிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. இன்ஜினை அணைத்துப் போட்டால் எங்கள் ஃபர்ம்வேர் மோடமையும் அணைத்துப் போடும், டவர் மறுத்ததை அது மறந்துவிடும். வேன் மேப்பில் திரும்ப வந்ததெல்லாம் அப்படித்தான்.

லாகை அனுப்பியதும் கம்பெனிக்காரர் பேச்சு மாறியது. "தெரிஞ்ச இஷ்யூதான் மேடம், அதைச் சரிபண்ற பேட்ச் ரெடியா இருக்கு."

தாளாளரிடம் விளக்கிச் சொன்னேன்.

"ஓ, அப்படியா? இருந்தாலும் அவன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். வேன் உள்ளே கேமரா வெச்சுட்டேன்."

பேட்ச் போட நான் போனபோது வேறொருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சேகர் தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டாராம். அவருக்குப் போன் செய்தேன்.

"நீங்க கரெக்டாத்தான் சொன்னீங்க மேடம். தாளாளருக்குத்தான் நம்பிக்கை வர்ல. தெனம் அந்த கேமராவப் பாத்துகினு எப்டி வண்டி ஓட்டுறது?"



இப்போதெல்லாம் பழுது என்று யார் போன் செய்தாலும், "இதுல யார் மேல சந்தேகப்படுறீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்த ஆள் மேல் கேமரா திரும்புவதற்குள் லாகைப் பார்த்து முடித்துவிட வேண்டும்.