ரீச்சர் களவெடுத்த கப்பல்

மீன் பிடிக்க, ஓணான் பிடிக்க, அடுத்த வளவு மாங்காய் பிடுங்க என் கைக்கு நன்றாகத் தெரியும். சிலேட்டுப் பென்சிலைக் கொடுத்தால்தான் அது மண்வெட்டியாகிவிடும். பென்சில் இரண்டாகும், மூன்றாகும். எழுத்து மட்டும் வராது.

பாலர் வகுப்பு ரீச்சர் ஒருநாள் சிலேட்டை வாங்கி வைத்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"முதல்ல விரலைப் பழக்குவம். மூலையோடை மூலையைச் சேர். நகத்தாலை அழுத்தி இழு. வெள்ளிக்கிழமை ஒழுங்கான கப்பல் கொண்டுவந்தியெண்டால் முதலாம் வகுப்பு. இல்லாட்டி இஞ்சைதான், தங்கச்சியோடை."

தங்கச்சியோடு ஒரே வாங்கில் குந்தியிருப்பதா! அந்த மானக்கேட்டுக்குப் பயந்து நான்கு நாள் மடித்தேன். கடைச் சாமான் சுற்றிவந்த தாளெல்லாம் எண்ணெய் குடித்து, மடிப்பு நிற்காமல் படுத்துவிட்டது. என் விரல் பழகிவிட்டது, தாள்தான் சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளி காலை, அலுமாரியில் அம்மாவின் கூறைச் சேலைக்குக் கீழே மொறுமொறுவென்று ஒரு தாள் கிடைத்தது. எங்கள் காணிப் பெர்மிட். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்பா காடு வெட்டித் திருத்திய மூன்று ஏக்கர் வயல் எங்களுடையது என்று சொல்ல அந்த ஒரு தாளைத் தவிர வேறொன்றும் கிடையாது. எனக்கு அது தெரியுமா? நல்ல தாள், அவ்வளவுதான். மூலையோடு மூலை அச்சாய் நின்றது. அரசாங்க முத்திரை கொடி மாதிரி முன்னுக்கு விழுந்தது.

"பாருங்கோ ரீச்சர்! பள்ளிக்கூடம் விட்டவுடனை வாய்க்காலிலை விடப்போறன்."

ரீச்சர் கப்பலைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டார்.

"நீ முதலாம் வகுப்புத்தான்ரா. கப்பல் என்னட்டைக் கிடக்கட்டும்."

கைப்பையில் வைத்து மூடிவிட்டு, பதிலுக்குத் தான் ஒன்று மடித்துத் தந்தார். அது வாய்க்காலில் பத்தடி போகமுன் கவிழ்ந்தது.

பின்னேரம் ரீச்சர் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வயலில். குசினிக்குள் அம்மாவோடு குசுகுசுவென்று கதை. பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்திரிக்கைப் பெட்டிக்குத் தணல் போட்டார். தேய்க்கச் சட்டை ஒன்றையும் காணோம். கடைசியில் வளவிலிருந்த பெரிய பூசணிக்காயை வெட்டிவந்தார், ரீச்சருக்கு!

"அவா என்ரை கப்பலைக் களவெடுத்தவ அம்மா! அவவுக்கு ஏன் பூசணிக்காய்?"

"வாயைப் பொத்தடா. பஸ் வாற இடம் வரைக்கும் நீயே தூக்கிக்கொண்டு போ."

களவெடுத்தவருக்குப் பூசணிக்காய், அதையும் பறிகொடுத்தவனே சுமக்க வேண்டும்! பரந்தன் பஸ் வரும்வரை நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

அடுத்த நாள் விடிய, அப்பா வழக்கம்போல மண்வெட்டியோடு எங்கள் வயலுக்குப் போனார். தினமும் போகிறவர்தானே, அதில் என்ன புதினம் இருக்கிறதென்று அம்மா படலையில் நின்று அவ்வளவு நேரம் பார்த்தார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.