அம்மா இறந்ததை ஆங்கிலத்தில் எழுதியது

தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். கேகாலையில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் சேர்ந்து ஆறாவது வாரம், வீட்டில் நடந்த ஒன்றைச் சிறுகதையாக எழுதிவரும்படி மிஸ் சொன்னார். நல்ல கதையை ஆண்டு மலரில் போடுவார்களாம்.

கதை என் பழைய குறிப்பேட்டிலேயே இருந்தது. காலை பத்து இருபதுக்கு ரப்பர் மலையில் அம்மாவைப் பாம்பு கடித்தது. பத்தே முக்காலுக்குத் தோட்டத்து லொறியடிக்குத் தூக்கி வந்தோம். ரப்பர் பால் ஏற்றி முடியாமல் லொறி போகாது என்றார் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரை. புறப்படும்போது பன்னிரண்டு ஐந்து. ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவுக்கு மூச்சில்லை. பதினொரு வருடமாக இதை யாரும் எங்கும் எழுதவில்லை. நான் எழுதிவிட நினைத்தேன்.

தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் ஆங்கிலம் என்றால் மனுதான். கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய், கக்கூஸ், எதுவானாலும் துரைக்கு மனு எழுதுவது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் வேலை. எனக்கு முன் எழுதியவர்களின் பிரதிகளைப் பார்த்துப் பழகியது. மனுவுக்கு ஒரு முறை உண்டு. யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. நடந்தது எங்கள் போதாத காலம். செய்யாத உதவிக்கும் நன்றி சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தகரம் வராது.

கதையிலும் கை அப்படியே போனது. எங்கள் துரதிர்ஷ்டத்தால் லொறி தாமதமானது. சின்னத்துரை லொறி தந்து உதவினார். எங்கள் குடும்பம் அவருக்கு என்றும் கடமைப்பட்டது. எழுதும்போது அது பொய்யாகப் படவில்லை. நல்ல ஆங்கிலமாகத்தான் பட்டது.

கதையில் கசப்பே இல்லை, எவ்வளவு பெருந்தன்மை என்று சொல்லி மிஸ் வகுப்பில் வாசித்தார். கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைய குறிப்பில் அதுவும் இருக்கிறது.

மலர் அச்சாகி வந்ததும் அக்காவிடம் காட்டினேன். இன்னும் பால் வெட்டுக்குப் போகிறவள். அன்று லொறியில் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தவள். தமிழில் சொல்லச் சொன்னாள். சின்னத்துரை வந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"லொறி குடுத்தாருன்னா எழுதியிருக்க?"

ஆமாம் என்றேன்.

"எத்தன மணிக்குக் குடுத்தாருன்னு எழுதலையா? கடலை வாங்கித் தின்னாக்கூட நேரம் போட்டு எழுதுறவனாச்சே நீ."

இங்கிலீஷில் அப்படியெல்லாம் எழுத முடியாது என்று ஏதோ சொன்னேன்.

"அந்தாளு நேராத்தானே தம்பி சொன்னாரு, மொதல்ல பால் ஏறட்டும்னு."

அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸிடம் போய், கதையில் பிழை இருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன். மலரெல்லாம் கொடுத்து முடிந்துவிட்டது என்றார். தோட்டத்து ஆபீசுக்கும் ஒன்று போயிருந்தது. சின்னத்துரை இப்போது பெரிய துரை. கதையைப் பாராட்டி இரண்டு வரி எழுதியிருக்கிறார் என்று மிஸ் அந்தக் கடிதத்தை என்னிடம் பெருமையாகக் கொடுத்தார்.

அம்மா செத்ததைப் பற்றி அச்சில் இருப்பது அந்த ஒரு பக்கம்தான். கீழே என் பெயர்.