தகரம் அடைத்த மைதானம்

எங்கள் பெரியத்தாவைப் போல ஒரு நல்ல மனுசரை மரக்காணத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர் நல்லது செய்யக் கிளம்பினால்தான் பயம். அப்போது அவர் வார்டு கவுன்சிலர். எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அண்ணன் வேறு. வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவும் அவள் தோழிகளும் சாயங்காலத்தில் உப்பளம் போகிற ரோட்டோரக் காலி மனையில் ஷட்டில் ஆடுவார்கள். தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனசு வராது என்பதால், பத்து வயசுத் தங்கச்சியான என்னையும் அக்கா இழுத்துப் போவாள். காற்று கார்க்கை முள்புதருக்குள் அடித்துப் போகும். நான் பொறுக்கி வருவேன். அந்த ஒரு மணி நேரம் அக்கா கத்துவாள், சண்டை போடுவாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வீட்டில் அப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.

அந்த இடத்தைப் பெண்பிள்ளைகளுக்கென்றே மைதானமாக்கப் போவதாகப் பெரியத்தா வந்து சொன்னபோது, அக்கா துணிந்து கேட்டாள்.

"நல்ல லைட்டு, ஒரு பாத்ரூம், உக்கார பெஞ்சு, அது போதும் பெரியத்தா. ரோட்டுல போறவங்களுக்கு நாங்க தெரியணும். அப்பதான் எங்களுக்குப் பயம் இருக்காது."

"ஜோரா பண்ணிடலாம்மா" என்றார்.

பண்ணினார். ஆள் உயரத்துக்கும் மேலே சுற்றிலும் நீலத் தகரம், ஒரே ஒரு கேட். "இனிமே எவன் கண்ணும் படாது, காத்தும் அடிக்காது!" என்று தகரத்தைத் தட்டிக் காட்டினார். லைட்டும் பாத்ரூமும் அடுத்த பண்டு வந்ததும் என்றார். எல்லோரும் கைதட்டினோம், அக்காவைத் தவிர.

கொஞ்ச நாளில் உள்ளே பீர் பாட்டில்கள் கிடந்தன. ஒரு சாயங்காலம் சில பையன்கள் கேட்டை மறித்து நின்றுகொண்டு செல்போனை எங்கள் பக்கம் நீட்டினார்கள். ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டது; யார் கண்ணிலும் நாங்கள் படவில்லை. அவர்களாகச் சலித்துப் போகும்வரை அக்கா என் கையை விடவேயில்லை.

விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது.

"உள்ள என்ன நடந்தாலும் வெளிய தெரியாது. இனிமே நீ போவாத" என்றாள் அம்மா.

"அதத்தானம்மா நான் அன்னிக்கே சொன்னேன்!"

"சொன்ன. கேட்டாங்களா? என்னை என்னா பண்ணச் சொல்ற?"

இவ்வளவு செய்து கொடுத்தும் பொண்ணுங்க வர மாட்டேங்குதே என்று பெரியத்தா ஊரெல்லாம் அங்கலாய்த்தார்.

ஒருநாள் நான் ஷூவை மாட்டிக்கொண்டு போய் அக்காவைக் கூப்பிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் தன் ஷட்டில் பேட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயே வெச்சுக்கோ. தெருவுல ஆடு. இன்னும் ரெண்டு மூணு வருசத்துக்கு உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ரெண்டு மூணு வருசம்! எவ்வளவு பெரிய காலம்! அல்லாவே, இவ்வளவு சந்தோசம் எனக்கா என்று தெருவுக்கு ஓடினேன்.